சர்வரோடு போன வாசல்

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பேன், கல்யாண நாளை மறப்பேன், லிஃப்டில் ஏறிய பிறகு எந்த மாடிக்கு என்று யோசிப்பேன். ஆனால் எனக்குக் கெடுதல் செய்தவர்களை ஒருநாளும் மறந்ததில்லை. என் கணவர் அதை வியாதி என்பார். அவர் வம்பு என்றால் வாசல்வரைகூடப் போகாத மனிதர். அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட வேண்டியிருந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் என் ஆபீஸுக்குப் போகிற வழியில் நீலக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடம் இருந்தது. இப்போது அதில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி இருந்தது. கம்பெனி வண்டி அதைத் தாண்டும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிட்டு அதை ஒரு முறை பார்ப்பேன். பக்கத்து இருக்கைப் பெண் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். நான் சபித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என் வீட்டை அழித்தவர்கள். செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய வீடு இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருந்த வீடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்தக் கம்பெனி மேனேஜரும் என் முகத்துக்கு நேராகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் கடைசிவரை போனேன்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்தது. அப்பாவும் சர்க்கார் வேலைதான். சிவாஜிநகரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அதில் நானும் தம்பியும் பிறந்து வளர்ந்தோம். நான் கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தேன். எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் விளக்கக் குறிப்பு எழுதும் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று யாரும் படிக்காத பக்கங்களை எழுதுவேன். அதனாலேயே மற்றவர்கள் எழுதிவைக்கும், யாரும் படிக்காத பக்கங்களை நான் முழுக்கப் படிப்பேன்.

தம்பி அப்பாவோடேயே இருந்தான். வீட்டின் கீழ்ப்பகுதியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். சிவாஜிநகரில் அப்போது இண்டர்நெட் பார்க்க வேண்டுமானால் அந்த மாதிரிக் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த விளையாட்டின் சிடியை அவன்தான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, சண்டை இல்ல, சுடறது இல்ல. சும்மா ஒரு ஊரு. நீ வீடு கட்டிக்கலாம், தோட்டம் போடலாம்," என்றான். அப்படித்தான் இருந்தது. ஒரு ஆறு, அதன் கரையில் ஊர், நாட்டின் எங்கெங்கோ இருந்து வந்து குடியேறியவர்கள். நாங்கள் இரண்டு பேரும் அக்கம்பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டோம். சிடியை வாங்கினால் மட்டும் போதாது, சந்தாவும் கட்ட வேண்டும். ஊர் முழுக்கக் கம்பெனியின் சர்வரில், அவர்கள் வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவர்கள் சர்வரை நிறுத்தினால் சிடி டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் உதவும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்பா போனார். காரியத்துக்கு நான் சிவாஜிநகர் போனபோது அவருடைய கட்டில் மொட்டை மாடியில் வெயிலில் கிடந்தது. அவர் இருந்த மாடி அறையில் புதிதாக வெள்ளையடித்து, இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார்கள். பதிமூன்றாம் நாள்கூட ஆகவில்லை. இது தம்பிக்கு வந்திருக்கக்கூடிய யோசனை இல்லை. அவன் மனைவிதான் என்று முடிவுகட்டினேன். அவளைக் கல்யாணமான நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். தம்பி அவளுக்குப் பரிந்து பேசினான். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத," என்று சொல்லிவிட்டு இலையில் உட்காராமலே திரும்பி வந்தேன்.

அப்பா உயில் எழுதியிருந்தார். வீடு தம்பிக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் அக்கா வீட்டு வாசலில் சீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். தவறினால் வீடு இருவருக்கும் சரிபாதி. எங்களுக்குள் உறவு விட்டுப்போகக் கூடாது என்று அவர் அப்படி எழுதியிருக்க வேண்டும். சர்க்கார் ஆபீஸில் கோப்புகளோடு காலம் கழித்தவருக்குப் பாசத்தையும் ஷரத்தாகத்தான் எழுதத் தெரிந்திருக்கிறது.

அடுத்த பொங்கலுக்குத் தம்பி வரவில்லை. ரோஷக்காரன், அவனும் அதே அப்பாவின் பிள்ளைதானே. நான் பொங்கல் கழிந்த கையோடு வக்கீலைப் பார்த்து, பாதி வீடு கேட்டு வழக்குப் போட்டேன். வராதே என்று நானே சொல்லிவிட்டு, வரவில்லை என்று நானே வழக்குப் போடுவது நியாயமா என்று என் கணவர் கேட்டார். நியாயம் கேட்டு யார் போனார்கள்? அந்தக் கட்டிலுக்குப் பதிலாக அவர்கள் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயத்தை என் வக்கீலிடம் சொல்லவில்லை. அதே பொங்கலன்று சாயங்காலம் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைத் திறந்து ஊருக்குள் போனேன். அங்கே என் வீட்டு வாசலில் இரண்டு மூங்கில் கழிகள் சாத்தியிருந்தன. பக்கத்தில் ஒரு மண்பானை, அதன் கழுத்தில் ஏதோ மஞ்சள் கிழங்கு, ஒரு கூடைப் பழம். அந்த விளையாட்டில் கரும்பு கிடையாது. கரும்புக்குப் பதில் மூங்கில். தம்பியின் பொம்மை உருவம் படிக்குக் கீழே, தெருவில் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைக்கவில்லை.

நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாத ஆளைத் தடுக்க ஒரு பொத்தான் அதில் உண்டு. அதை அழுத்தவில்லை. பானையை எடுத்து உள்ளே வைத்தேன். அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவன் வருவான். "அக்கா சாப்டியா" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். முதலில் பதில் சொல்லாமல் வீம்பாக இருந்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன். வழக்கைப் பற்றி இருவருமே வாயைத் திறக்க மாட்டோம். ஆற்றில் மீன் பிடிப்போம், கத்தரிக்குத் தண்ணீர் விடுவோம், ஆபீஸில் என்னைப் படுத்துகிறவர்களைப் பற்றிச் சொல்லுவேன். மனது வெந்த நாட்களில் அவன் மனைவியைத் திட்டித் தீர்ப்பேன். அவள் வந்துதான் நம் வீடு நாசமானது, அவளுக்கு அப்பா மேல் ஈவிரக்கம் இருந்ததா என்றெல்லாம் எழுதுவேன். பதிலுக்கு, "அத விடுக்கா, மீன் புடிக்கலாம் வா" என்று வரும். பெண்டாட்டியைத் திட்டினால் கோபப்படாத தம்பி என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

கோர்ட்டில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. அப்பா போனதிலிருந்து தம்பி என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை, சீர் எதுவும் என் வாசலுக்கு வரவில்லை என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்கும் மூங்கிலும் பானையும் வந்தன. அதற்குப் பிறகும் என் பிரமாணத்தை மாற்றவில்லை. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கம்பெனி தடபுடலாக விளம்பரம் செய்தது. ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் வீட்டுக்கு மேல்மாடி இலவசம். நான் கட்டினேன். ஆசையாசையாக மாடி எழுப்பினேன். கார்த்திகைகூட முடியவில்லை, ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஊர் இல்லை. இதுவரை எங்களோடு பயணித்ததற்கு நன்றி என்று ஒரு வாசகம், அதற்குக் கீழே சூரியன் மறைகிற படம். முன்னறிவிப்பு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வாடகைக்காரனைக் காலி செய்யச் சொல்வதற்குக்கூட அவகாசம் கொடுக்கிற ஊர் இது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு நீலக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். மேனேஜர் என்று ஒருவன் டீ ஷர்ட்டோடு வந்தான். என் மகன் வயதிருக்கும், எனக்கு மகன் இருந்திருந்தால். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மேடம், இட்ஸ் ஜஸ்ட் எ கேம். உங்க பிள்ளைங்க யாராவது ஆடினாங்களா?"

"நான்தான் ஆடினேன்."

அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தான். "நாங்க புது கேம் கொண்டுவரோம். அதுல உங்களுக்கு ஒரு மாசம் ஃப்ரீயா போட்டுத் தரச் சொல்றேன். இத மூடணும்னு எப்பவோ முடிவாயிடுச்சு மேடம், தீபாவளிக்கு முன்னாலயே."

அவன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். தீபாவளிக்கு முன்னாலேயே மூட முடிவு செய்துவிட்டு, தீபாவளிக்கு ஒரு வருடச் சந்தா விற்றிருக்கிறார்கள். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். உன்னை ஒரு கை பார்க்காமல் விட மாட்டேன் என்று படியிறங்கும்போதே கறுவிக்கொண்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதி நோட்டீஸ் அனுப்பினேன். கம்பெனியிலிருந்து பதில் எழுதியவன் அதை மறுக்க மறந்துபோனான். தீர ஆலோசித்து முன்கூட்டியே எடுத்த முடிவு என்று வேறு பெருமையாக எழுதியிருந்தான்.

நுகர்வோர் மன்றத்துக்கு வக்கீல் வேண்டியதில்லை, நாமே வாதாடலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. புகாரை ஆசையாக எழுதினேன். சந்தாவையும் நஷ்டஈட்டையும் கேட்டேன். கூடவே, ஒரே ஒரு நாள் சர்வரைத் திறந்துவிட வேண்டும், குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றும் கேட்டேன். எனக்கு என்ன போயிற்று என்பது அவர்களுக்கு உறைக்க வேண்டாமா? அதனால் வீடு, தோட்டம், தினமும் தம்பி வந்து பேசியது, பொங்கலுக்குச் சீர் வைத்தது எல்லாவற்றையும் எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். அந்தக் கம்பெனி மேல் இருந்த ஆத்திரத்தில் இன்னொரு கோர்ட்டில் இதற்கு நேர்மாறாகச் சத்தியம் செய்திருப்பது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் மறதிக்காரி என்று முதலிலேயே சொன்னேன்.

கம்பெனி வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல். எங்கள் விளையாட்டின் நிபந்தனைகளை வாசித்தார். உள்ளே இருக்கும் எதுவும் ஆடுகிறவருக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே, எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நான் எழுந்து, அந்தப் பக்கத்தை நானும் முழுக்கப் படித்திருக்கிறேன் என்றேன். நிறுத்தலாம் என்று அதில் இருக்கிறது. நிறுத்த முடிவு செய்த பிறகும் ஒரு வருடத்துக்கு விற்கலாம் என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். மன்றத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வக்கீலைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த மேனேஜர் அன்று சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்த வாய்தாவுக்குக் கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தோடு வந்தார். பாதி வீடு கேட்ட வழக்கில் நான் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகல். எப்படிப் பிடித்தார் என்று தெரியாது. பெங்களூர் வக்கீல்கள் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றாகத்தான் காபி குடிக்கிறார்கள். அன்றைக்கு என் தம்பியும் அவன் மனைவியும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, விஷயம் அவன் வக்கீல்வரை போயிருக்கிறது. நான் வாய் தவறுவதைக் காதால் கேட்க வந்திருக்கிறார்கள்.

"ஒரு கோர்ட்டில் தம்பி வந்ததே இல்லை, சீர் வரவே இல்லை என்று சத்தியம். இங்கே தினமும் வந்தான், சீர் வைத்தான் என்று சத்தியம்," என்றார் வக்கீல். தலைவர் பக்கம் திரும்பினார். "இந்த அம்மாள் எங்கே பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒருவேளை அவரே சொல்லலாம், அது ஒரு கம்ப்யூட்டர் படம்தான், வீடும் இல்லை வாசலும் இல்லை என்று. அப்படிச் சொன்னால் அவருடைய இன்னொரு வழக்குக்கு ஆபத்தில்லை."

எவ்வளவு அக்கறை! படம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் சிவாஜிநகரில் பாதி வீடு எனக்கு. இந்தக் கம்பெனிக்காரன் மட்டும் தப்பித்துப் போவான். வாசல்தான் என்று சொன்னால் அப்பாவின் ஷரத்து நிறைவேறிவிட்டது, எனக்கு ஒரு செங்கல் கிடையாது, பின்வரிசையில் இருக்கிற அவள் அந்த மாடி அறையில் நிம்மதியாக இருப்பாள். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மேனேஜர் உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்ததைப் பார்த்துவிட்டேன்.

"பொய் சொன்னது அங்கே," என்றேன். "இது என் வீடு. அது என் வாசல். என் தம்பி வந்தான், சீர் வைத்தான், நான் எடுத்துக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் முகம் சப்பென்று ஆனது. அந்த முகத்துக்காக இன்னொரு வீட்டையும் கொடுத்திருப்பேன்.

வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். ஜெயித்ததைக் கொண்டாட வருகிறார்கள் என்று நினைத்தேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"அண்ணி, அது இவரு இல்ல. நான்."

எனக்குப் புரியவில்லை.

"இவருக்கு அந்த கேம் கொஞ்ச நாள்லயே போரடிச்சிடுச்சு. சாயங்காலம் கல்லாவுல நான் தனியாத்தானே உக்காந்திருப்பேன். இவரு பேர்ல நான்தான் ஆடினேன். மாமா வாசல்ல சீர் வெக்கணும்னு எழுதிட்டுப் போனாரு. இவரு வர மாட்டேன்னாரு, நீங்க வரவும் விட மாட்டீங்க. அங்கயாவது வெக்கலாம்னு தோணிச்சு."

என் காதெல்லாம் சுட்டது. இத்தனை நாளும் அவளைப் பற்றித் திட்டித் திட்டி எழுதியதையெல்லாம் அவளே படித்திருக்கிறாள். படித்துவிட்டு, மீன் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அந்தத் தடுப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பானையை ஆற்றில் எறிந்திருப்பேன். இவளுக்காகவா நான் பாதி வீட்டை விட்டேன்? கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலக் கை பரபரத்தது. அதே சமயம், திரும்பிப் போய் அவள் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படிக்க ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அணைத்துவிட்டுச் சூரியன் மறைகிற படத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இப்ப எதுக்கு வந்து சொல்ற?" என்றேன்.

"கேஸ்ல நானும் சேரணும் அண்ணி. பணம் கட்டினது இவரு, ஆடினது நான். போனது என் வீடும்தானே? ஒரு வார்த்த சொல்லாம மூடிட்டான் பாருங்க, எனக்கு வயிறு எரியுது."

கட்டியவர் ஒருவர், அவர் சம்மதத்தோடு அனுபவிப்பவர் இன்னொருவர் என்றாலும் அனுபவிப்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். "நீதான் வெச்சன்னு உள்ள போய்ச் சொன்னா, தம்பி வெக்கலைன்னு ஆகும். அந்த வீட்டுல பாதி என்கிட்ட வரும். யோசிச்சியா?" என்றேன்.

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. "வரட்டும். அந்தச் சிரிக்கிறவன் ஜெயிக்கக் கூடாது," என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகத்தை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அவளும் சேர்ந்தாள். மன்றம் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தெரிந்தே விற்றது ஏமாற்று வியாபாரம் என்று எழுதியது. சந்தாவையும் நஷ்டஈட்டையும் கொடுக்கச் சொன்னது. சர்வரை ஒரு நாள் திறக்கச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று அந்தக் கோரிக்கையை மட்டும் தள்ளிவிட்டது. கம்பெனி அடங்கவில்லை, மாநில ஆணையத்துக்கு அப்பீல் போனது. நானும் விடவில்லை.

அப்பீலின் முதல் வாய்தாவுக்கு நானும் அவளும் ஒரே ஆட்டோவில் போனோம். எங்கள் வீட்டு வழக்கு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. வழியெல்லாம் அப்பாவின் கட்டிலைப் பற்றியே சண்டை. பூச்சி அரித்திருந்ததால்தான் வெயிலில் போட்டதாக அவள் சொன்னாள். அப்பாவே அரித்துப்போயிருந்தால் அவரையும் வெயிலில் போட்டிருப்பாயா என்று நான் கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஆணையத்தின் வாசலில் இறங்கும்போது அந்த மேனேஜர் காரிலிருந்து இறங்குவதை இரண்டு பேருமே பார்த்தோம். சண்டை அப்படியே நின்றது.

"இவன முடிச்சிட்டு உன்னப் பாத்துக்கறேன்," என்றேன்.

"மொதல்ல இவன் முடியட்டும் அண்ணி," என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவள் எனக்கு முன்னால் படியேறினாள்.